தராசு பிடித்த பெண்ணுக்கு எங்கே சிலை?

விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூ மார்க்கெட் விழித்துவிட்டது. எட்டரை, கோப்பு, போசம்பட்டி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்த மல்லிகை மூட்டைகள் வாய் பிரிந்து கிடக்கின்றன. விலை கூவும் குரல்களுக்கு நடுவே பெண்கள் குனிந்து, பூவை உள்ளங்கையில் அள்ளிப் பார்க்கிறார்கள். மொட்டு இறுக்கமாக இருக்கிறதா? தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டியிருக்கிறார்களா? இன்று முகூர்த்த நாளா, வெறும் நாளா? மழை வந்தால் கூட்டம் குறையுமா? அத்தனை கணக்கும் மனதுக்குள்ளேயே முடிந்து, விலை படிகிறது. உதிரிப்பூ கூடைக்குள் போகிறது. நனைத்த வாழைநாரில் விரல்கள் ஓடுகின்றன. கோயில் வாசலில் கூட்டம் சேரும் நேரத்துக்குச் சரமும் கதம்பமும் தயார். முழம் போட்டு விற்க வேண்டும். இருட்டுவதற்குள் விற்காத பூ வாடிவிடும். காலையில் வாங்கிய கடன் வாடாது.

கொள்முதல், தரம் பார்ப்பது, உற்பத்தி, விற்பனை, நஷ்டத்தைத் தாங்குவது என்று ஒரு கம்பெனியில் பல பேர் பிரித்துச் செய்யும் வேலைகளை ஒருத்தியே செய்கிறாள். ஆனால் ‘பிசினஸ் பண்றவங்க’ என்று யாரும் அவளைச் சொல்வதில்லை. ‘பூக்காரம்மா’ என்றுதான் சொல்கிறோம்.

உலகின் பல நகரங்களில் இப்போது ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. தொழிலிலும் வணிகத்திலும் பெண்ணுக்குச் சமமான இடம் உண்டு என்பதைப் பொது இடத்தில் ஒரு சிற்பத்தால் சொல்ல முடியுமா? சொன்னால் ஏதாவது மாறுமா? சிற்பத்துக்கும் பேர் போன, சந்தைக்கும் பேர் போன திருச்சியில் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

கண்ணாடி பிடித்த கல், நிலம் கொடுத்த எழுத்து

ஸ்ரீரங்கம் கோயிலில் வேணுகோபாலன் சந்நிதியின் வெளிச்சுவரைப் பார்க்காமல் சிற்ப ரசிகர்கள் திரும்புவதில்லை. ஒருத்தி கண்ணாடியில் முகம் பார்க்கிறாள். ஒருத்தி வீணை மீட்டுகிறாள். ஒருத்தி கிளியோடு பேசுகிறாள். விரல் நகம் வரைக்கும் செதுக்கிய அழகு.

தமிழகக் கோயில் சுவர்களில் வேறு பெண்களும் இருக்கிறார்கள், எழுத்து வடிவில். நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுத்தவர்கள், பொன் கொடுத்தவர்கள், நிலத்தை விலைக்கு வாங்கிக் கோயிலுக்கு எழுதிவைத்தவர்கள் என்று சோழர் காலக் கல்வெட்டுகளில் பெண்களின் பெயர்கள் வருகின்றன. அரசிகள் மட்டும் இல்லை. தேவரடியார்களும் ஊர்ப் பெண்களும் அதில் உண்டு. சொத்து வைத்திருந்த, அதைத் தன் விருப்பப்படி கையாண்ட பெண்ணைக் கல் எழுத்தாகப் பதிந்துகொண்டது. உருவமாகச் செதுக்கும்போது மட்டும் அவள் கையில் கண்ணாடியைக் கொடுத்தது.

ஸ்ரீரங்கம் கோயிலின் கிழக்கில் வெள்ளைக் கோபுரம் நிற்கிறது. டெல்லி சுல்தானியப் படையெடுப்பின்போது எதிரித் தளபதியைக் கோபுரத்தின் மேல் அழைத்துச் சென்று தள்ளிவிட்டுத் தானும் உயிர்விட்ட தேவரடியார் வெள்ளையம்மாளின் நினைவாகவே அதற்கு வெள்ளை பூசினார்கள் என்கிறது கோயில் மரபு. உயிரைக் கொடுத்த பெண்ணுக்கு ஊர் ஒரு கோபுரத்தையே நினைவாக வைத்திருக்கிறது. உழைப்பைக் கொடுத்தவர்களுக்கு?

மெரினாவிலும் இதே நிலைதான். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது ஔவையாருக்கும் கண்ணகிக்கும் சிலை எழுந்தது. கண்ணகி, மாநாய்கன் என்ற கடல் வணிகனின் மகள். அவள் அரங்கத்தையும் உறையூரையும் கடந்துதான் மதுரைக்குப் போனாள் என்கிறது சிலப்பதிகாரம். ஆனால் சிலையில் அவள் கற்பின், நீதியின் வடிவம். 2001-ல் அகற்றப்பட்டு, 2006-ல் திரும்ப வைக்கப்பட்டபோது தமிழகம் விவாதித்ததும் அதைச் சுற்றித்தான். கொஞ்சம் தள்ளி, தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, 1959-ல் திறக்கப்பட்டது. பாறையை நெம்பும் நான்கு பேரும் ஆண்கள். இன்று இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு உருவம் கிடைக்கவில்லை.

தாய், தெய்வம், கற்பரசி, புலவர், வீராங்கனை. பெண்ணுக்குச் சிலை வைக்க நம்மிடம் இருக்கும் காரணங்கள் பெரும்பாலும் இவற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. முதல் போட்டவள், லாப நட்டம் பார்த்தவள், பத்துப் பேருக்குக் கூலி கொடுத்தவள் இந்தப் பட்டியலில் இல்லை.

> எண்ணிக்கை சொல்லும் கதை
>
> • ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி (2013-14) இந்தியாவில் மொத்தத் தொழில் அமைப்புகள் சுமார் 5.85 கோடி. அதில் பெண்கள் உரிமையாளர்களாக இருப்பவை சுமார் 80.5 லட்சம். 100-க்கு 14 கூட இல்லை.
>
> • அந்த 80.5 லட்சத்தில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 10.87 லட்சம், அதாவது 13.5 சதவிகிதம். நாட்டிலேயே முதலிடம்.
>
> • பெண்கள் நடத்தும் அமைப்புகளில் சராசரியாக வேலை செய்பவர்கள் 2 பேருக்கும் குறைவு.
>
> • இவற்றில் 79 சதவிகிதம் சொந்தப் பணத்தில் நடப்பவை. வங்கியோ, அரசோ பின்னால் இல்லை.

ஒரு சிறுமி, ஒரு காளை, ஒரு பாடம்

2017 மார்ச் 7. உலக மகளிர் தினத்துக்கு முந்தைய நாள். நியூயார்க்கின் பங்குச் சந்தைப் பகுதியில் ஏற்கெனவே புகழ்பெற்ற பாயும் காளைச் சிலைக்கு எதிரே ஒரு வெண்கலச் சிறுமி வந்து நின்றாள். நான்கடி உயரம். இடுப்பில் கை, நிமிர்ந்த முகம். வடித்தவர் கிறிஸ்டன் விஸ்பால். ‘அஞ்சாத சிறுமி’ என்று பெயர். வைத்தது, ஸ்டேட் ஸ்ட்ரீட் என்ற மாபெரும் முதலீட்டு நிறுவனத்தின் நிதி நிர்வாகப் பிரிவு. கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்பது அது சொல்ல வந்த சேதி.

பீடம் இல்லை. தரையிலேயே நின்றாள். அம்மாக்கள் தங்கள் பெண் குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். சில நாட்களில் உலகமே அவளைத் தெரிந்துகொண்டது. காளையை வடித்த அர்துரோ டி மோடிகா, தன் படைப்பின் பொருளையே இது மாற்றிவிட்டது என்று கொதித்தார். 2018 டிசம்பரில் சிறுமி பங்குச் சந்தைக் கட்டடத்துக்கு எதிரே இடம் மாறினாள்.

பலன் இருந்ததா? இருந்தது. பெண் இயக்குநரே இல்லாத கம்பெனிகள் மீது அந்த நிறுவனம் தன் பங்குதாரர் வாக்கைப் பயன்படுத்தியது. சிலை வைத்த அந்த ஒரே ஆண்டில் 400 கம்பெனிகளில் இயக்குநர் தேர்வுக்கு எதிராக வாக்களித்தது. பின்வந்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் தங்கள் முதல் பெண் இயக்குநரை நியமித்தன. சிலையின் அழகோடு வாக்கின் பலமும் சேர்ந்திருந்ததால் இது நடந்தது.

அடுத்து நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிலை வைத்த அதே ஆண்டு அக்டோபரில், தன் பெண் அதிகாரிகள் 300-க்கும் மேற்பட்டோருக்கும் கறுப்பின அதிகாரிகள் சிலருக்கும் குறைவாகச் சம்பளம் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது அந்த நிறுவனம். சிலையின் நகல்களை விற்றதற்காகச் சிற்பி விஸ்பால் மீதே 2019-ல் வழக்குப் போட்டது. 2025-ல், இயக்குநர் குழுவில் இத்தனை சதவிகிதம் பெண்கள் வேண்டும் என்ற வாக்களிப்பு விதியையும் கைவிட்டது. சிறுமி அங்கேயே நிற்கிறாள்; அவளை நிறுத்திய விதி போய்விட்டது.

திருச்சி எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். வாக்குறுதியோடு கட்டிப்போடாத சிலை விளம்பரமாக முடிந்துவிடும்.

இம்பாலின் அம்மாக்கள்

நம் நாட்டிலேயே இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. மணிப்பூர் தலைநகர் இம்பாலில் உள்ள ‘இமா கெய்தெல்’, அதாவது அம்மாக்கள் சந்தை. ஆயிரக்கணக்கான பெண்கள் கடை போட்டிருக்கும் அந்தச் சந்தையில் ஆண்கள் கடை நடத்த முடியாது. அம்மாவின் இடம் மகளுக்கோ மருமகளுக்கோ போகிறது.

1939 டிசம்பரில், ஊரில் அரிசி இல்லாதபோது வெளியூருக்கு ஏற்றுமதி செய்வதை எதிர்த்து இந்தச் சந்தைப் பெண்கள்தான் தெருவில் இறங்கினார்கள். ஆங்கிலேய அதிகாரியைத் தந்தி அலுவலகத்தில் முற்றுகையிட்டார்கள். சிப்பாய்களின் துப்பாக்கி முனைக் கத்திகளுக்கு முன்னால் நின்றார்கள். பிறகு மாதக்கணக்கில் சந்தையையே புறக்கணித்தார்கள். ‘நூபி லான்’ எனப்படும் அந்தப் பெண்கள் போருக்கு இம்பாலில் நினைவுச் சிற்பத் தொகுதி இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 12 அன்று அங்கே அஞ்சலி நடக்கிறது.

நியூயார்க் சிறுமி, வர வேண்டிய உரிமையைக் கேட்கிறாள். இம்பால் பெண்கள், கையில் இருக்கும் உரிமையின் மீது நிற்கிறார்கள். சந்தை அவர்களுடையது, அதனால் நினைவும் அவர்களுடையதாகவே இருக்கிறது.

திருச்சியின் பெண் முதலாளிகள்

திருச்சிக்குப் பெண் தலைமை புதிதில்லை. ராணி மங்கம்மாள் ஆட்சியில் போட்ட சாலைகளிலும் கட்டிய சத்திரங்களிலும் பல தலைமுறை வணிகர்கள் நடந்திருக்கிறார்கள், தங்கியிருக்கிறார்கள். மாநகராட்சியான பிறகு 1996-ல் வந்த முதல் மேயர் புனிதவள்ளி பழனியாண்டி. அவருக்குப் பின் சாருபாலா தொண்டைமான், சுஜாதா, ஜெயா என்று 2016 வரை அந்த நாற்காலியில் பெண்களே உட்கார்ந்தார்கள். ஹோலி கிராஸ் (1923), சீதாலட்சுமி ராமசாமி (1951) கல்லூரிகள் பல ஆயிரம் பட்டதாரிப் பெண்களை உருவாக்கியிருக்கின்றன.

தொழிலிலும் பெண் கை இல்லாத இடம் இல்லை. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீடு வீடாக மாவு பிசைந்து முறுக்கு பிழிவதில் பெண்களின் பங்கு பெரிது. செயற்கை வைரக் கல்லைப் பட்டை தீட்டும் தொழிலும் திருச்சி வட்டாரத்தில் வீட்டுத் திண்ணைகளில் வளர்ந்தது. அங்கும் பெண்கள் உண்டு.

இன்னொரு தொழிலைத் திருச்சி பெருமையோடு சொல்லலாம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கவனிப்பாரற்றுக் கிடந்த பொதுக் கழிப்பறைகளை இந்த ஊரின் குடிசைப் பகுதிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுத்து நடத்தினார்கள். கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் துணை நின்றது. சிறு கட்டணம் வாங்கி, கணக்கு எழுதி, சுத்தமாக வைத்து, மிச்சத்தைச் சேமித்தார்கள். திறந்தவெளியில் மலம் கழிப்பது முற்றிலும் ஒழிந்த குடிசைப் பகுதி என்று கல்மந்தை நாடறியப் பேசப்பட்டது. யாரும் தொட மறுத்த வேலையை நிர்வாகமாக மாற்றிய அந்தப் பெண்களின் கணக்கு நோட்டைவிடச் சிலைக்குத் தகுந்த பொருள் இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது?

> உரிமை வந்த வழி
>
> • 1929: செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம்.
>
> • 1989: தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்கு தரும் சட்டத் திருத்தம். நாடு முழுதும் வந்தது 2005-ல். அதே 1989-ல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடக்கம்.
>
> • 2013: புதிய கம்பெனிச் சட்டப்படி, பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளில் குறைந்தது ஒரு பெண் இயக்குநர்.
>
> • 2014: சாலையோர வியாபாரிகள் சட்டம். நகர விற்பனைக் குழுவின் வியாபாரிப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.
>
> • 2025: பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குத் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைப்பு.

தண்டலுக்கும் வங்கிக்கும் நடுவே

சட்டங்கள் வந்துவிட்டன. பிறகு என்ன குறை? தரைக்கடைப் பெண்ணின் ஒரு நாளைப் பார்த்தால் தெரியும். முதல் இல்லாதவள் தண்டல்காரரிடம் போகிறாள். சொன்ன தொகையில் வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதி கைக்கு வருகிறது. முழுத்தொகையைத் திருப்ப வேண்டும். நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றையும் தமிழ்நாடு 2003-லேயே சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆனாலும் பூ வாங்கும் நேரத்தில் வங்கி திறந்திருப்பதில்லை; தண்டல்காரர் நிற்கிறார்.

சாலையோர வியாபாரிகளுக்காக 2020-ல் வந்த ஸ்வநிதி திட்டம் முதல் தவணையாக 10,000 ரூபாய் கடன் தந்தது. பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்தச் சிறு கடனிலிருந்து பல லட்சத்துக்குப் போகும் ஏணி எளிதில்லை. பெரிய கடனுக்குப் பெரும்பாலும் பிணை கேட்கிறார்கள். பிணைக்குச் சொத்து வேண்டும். சொத்துப் பத்திரம் பல வீடுகளில் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கிறது. சராசரியாக இரண்டு பேருக்கும் குறைவான ஆட்களோடு பெண்களின் தொழில் நின்றுவிடுவதற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை. மேலே போகும் வழி அடைபட்டிருக்கிறது.

இதையெல்லாம் ஒரு சிலை சரிசெய்துவிடுமா? சரிசெய்யாது. ஆனால் ஒரு ஊர் யாரை மதிக்கிறது என்பதைக் குழந்தைகள் சிலைகளைப் பார்த்துத்தான் முதலில் தெரிந்துகொள்கிறார்கள். பேருந்து ஜன்னல் வழியே பார்க்கும் ஒவ்வொரு ரவுண்டானாவிலும் ஆண்களே நின்றால், பெருமை என்பது ஆண்களுக்குரியது என்று ஒரு பெண் குழந்தை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்கிறாள். ஸ்ரீரங்கத்தில் 2006-ல் பெரியார் சிலை திறப்புக்கு முன் சேதப்படுத்தப்பட்டபோது நாடே பேசியது. சிலைகளுக்கு வலிமை இல்லை என்றால் அந்தக் கோபமும் பதற்றமும் எதற்கு வந்திருக்கும்?

எங்கே, எப்படி?

2025 மே 9 அன்று பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதன் அருகிலேயே பெரியார் பெயரில் பெரிய காய்கனி அங்காடிக்கும் திட்டமிடப்பட்டிருக்கிறது. காந்தி மார்க்கெட் நெரிசலில் தலைமுறைகளாக உட்கார்ந்திருக்கும் சிறு வியாபாரிப் பெண்களின் எதிர்காலம் அங்கே முடிவாகப் போகிறது. சிற்பம் நிற்க வேண்டிய இடமும் அதுவே. ஊருக்கு நடுவே உள்ள ரவுண்டானாவில் வேண்டாம்; வியாபாரம் நடக்கும் மண்ணில் நிற்கட்டும்.

> சிலை வைக்கச் சட்டம் என்ன சொல்கிறது?
>
> • சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் புதிய சிலைகளுக்கு மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.
>
> • போக்குவரத்து இடையூறு காரணமாக மெரினா சாலையிலிருந்த சிவாஜி கணேசன் சிலை 2017 ஆகஸ்ட்டில் அகற்றப்பட்டது.
>
> • திருச்சி பாலக்கரையில் 2011-ல் நிறுவிய சிவாஜி சிலை ஆண்டுக்கணக்கில் துணி மூடியபடியே நின்றது.
>
> • எனவே புதிய சிற்பத்தை அங்காடி வளாகத்தின் வரைபடத்திலேயே சேர்த்து, உரிய அனுமதியோடு வைப்பதே பாதுகாப்பான வழி.

உருவம் எப்படி இருக்க வேண்டும்? உயரமான பீடமும் கம்பிக் கூண்டும் வேண்டாம். தரையில், நம் உயரத்தில், நாம் பக்கத்தில் உட்காரும்படி இருக்கட்டும். தலைவரின் முகமோ, கற்பனைத் தேவதையின் முகமோ தேவையில்லை. பூக்கூடை, எடைத்தராசு, முறுக்கு அச்சு, பட்டை தீட்டும் சக்கரம், கணக்கு நோட்டு என்று இந்த மாவட்டத்துப் பெண்கள் தினமும் தொடும் பொருட்கள் அதில் வரட்டும். மிக முக்கியமாக, அவள் விற்பவளாக மட்டும் இல்லாமல் முதலாளியாகத் தெரிய வேண்டும். கணக்கு எழுதுகிற, கூலி கொடுக்கிற, விலை சொல்கிற பெண்.

யார் வடிப்பது? சுவாமிமலை வெண்கல வார்ப்பு மரபு பக்கத்திலேயே இருக்கிறது. கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரியும், மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரியும் உள்ளன. அங்கே படித்த பெண் சிற்பிகளிடம் இந்தப் பணியைக் கொடுக்க வேண்டும். வங்கத்துச் சிற்பி மீரா முகர்ஜி பஸ்தர் பழங்குடிக் கைவினைஞர்களோடு தங்கி அவர்களின் வார்ப்பு முறையைக் கற்று, நெசவாளரையும் மீனவரையும் வெண்கலத்தில் வடித்தார். அதுபோல வடிப்பவர் சந்தையில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் கையையும் முதுகையும் பார்த்து வடிக்கட்டும். எந்த உருவம் என்பதை முடிவு செய்யும் குழுவில் தரைக்கடைப் பெண்களே பெரும்பான்மையாக இருக்கட்டும்.

“அந்தப் பணத்தில் சந்தைக்கு நல்ல கழிப்பறை கட்டலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கட்டியே ஆக வேண்டும். அதை நடத்தும் பொறுப்பையும், வருமானத்தையும் அந்தத் தொழிலில் ஏற்கெனவே தேறிய திருச்சிப் பெண்களின் குழுக்களுக்கே கொடுக்க வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கும் கட்டாயம் பெண்களுக்கு மட்டும் ஏன் வர வேண்டும்? ஆண் தலைவர்களுக்குச் சிலை எழும்போது யாரும் கழிப்பறைக் கணக்குக் கேட்பதில்லை.

திறப்பு விழாவுக்கு முன்

நியூயார்க்கில் சிலை முதலில் வந்தது; வாக்குறுதி பின்னால் கரைந்தது. திருச்சி வரிசையை மாற்ற வேண்டும். புதிய அங்காடியில் கடை ஒதுக்கீட்டில் பெண்களுக்கு உறுதியான பங்கு, அதுவும் அவர்கள் பெயரிலேயே உரிமம். நகர விற்பனைக் குழுவில் சட்டம் சொல்லும் பெண் பிரதிநிதிகளுக்கு உண்மையான குரல். விடியற்காலை வியாபாரத்துக்குத் தோதாக, சந்தைக்குள்ளேயே கடன் கவுன்டர். குழந்தைகளை விட்டுவைக்க ஓர் இடம். கழிப்பறை. இந்த ஐந்தையும் மாநகராட்சி மன்றம் தீர்மானமாக நிறைவேற்றி, சிற்பத்தின் அடியில் தேதியோடு செதுக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 8 அன்று, எத்தனை கடை பெண்கள் பெயரில் இருக்கிறது என்ற எண்ணை அதே கல்லில் சேர்க்கட்டும்.

கொடுத்த பொன்னையும் நிலத்தையும் கல்லில் வெட்டி, ‘இது சந்திர சூரியர் உள்ளவரை’ என்று ஊரையே சாட்சி வைத்த மரபு நம்முடையது. பெண்ணின் உருவத்தை ஒரு சுவரிலும் பெண்ணின் உரிமையை இன்னொரு சுவரிலும் பிரித்து வைத்தது போதும். இரண்டும் ஒரே கல்லில் வரட்டும். எண் கூடினால் ஊர் பெருமைப்படலாம். குறைந்தால், அதைக் கேட்கும் உரிமை அந்த வழியாகக் கூடையோடு போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இருக்கும். அப்படிக் கேள்வி கேட்க வைக்கும் சிலைக்காகச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் தகும்.